சொல்வது யார், காசு யாருடையது? செய்தியும் மக்கள் தொடர்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வருகிற செய்திகளைத் திருத்திப் பக்கத்தில் வைக்கும் செய்தி டெஸ்க்கில் பதினோரு ஆண்டுகள், அதன்பின் பி.ஆர். எனப்படும் மக்கள் தொடர்புத் துறையில் எட்டு ஆண்டுகள் வேலை பார்த்தேன். இப்போது இரண்டு வேலைக்கும் வருகிற இளைஞர்களுக்கு வகுப்பெடுக்கிறேன். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். என் பதில்களில் பாதிக்கு மேல் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும்: ஒரு தகவலைச் சொல்வது யார், அதற்குச் செலவு செய்வது யார் என்பது படிப்பவருக்குத் தெரிய வேண்டும். அதை மறைத்துவிட்டு மற்ற நெறிகளைப் பேசிப் பயனில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

பி.ஆர். என்றாலே பூசி மெழுகுவதுதானே?

அப்படிச் செய்கிறவர்கள் நிறைய இருக்கிறார்கள் என்பதால் இந்தக் கேள்வி மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. ஆனால் இந்தத் தொழில் தொடக்கத்தில் கொடுத்த வாக்கு வேறு. 1906இல் அமெரிக்காவில் நிலக்கரிச் சுரங்க முதலாளிகளுக்காக வேலை பார்த்த ஐவி லீ, பத்திரிகை ஆசிரியர்களுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். நாங்கள் ஒளிவுமறைவாக வேலை செய்யவில்லை, இது விளம்பரப் பிரிவுக்குப் போக வேண்டிய சரக்கு என்று தோன்றினால் போடாதீர்கள், சரிபார்க்க விரும்பினால் உதவுகிறோம் என்பது அதன் சாரம். அதே ஆண்டு அக்டோபரில் அட்லாண்டிக் சிட்டி அருகே பாலத்திலிருந்து ரயில் விழுந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விபத்தை மூடி மறைப்பதுதான் அன்றைய ரயில் நிறுவனங்களின் வழக்கம். அந்த ரயில் நிறுவனத்துக்கும் வேலை பார்த்த லீ அதை மாற்றினார். நிறுவனத்தின் பெயரிலேயே அறிக்கை கொடுத்து, நிருபர்களை விபத்து நடந்த இடத்துக்கே வரவழைத்தார். முதல் பிரஸ் ரிலீஸ், அதாவது செய்திக்குறிப்பு, என்று பாடப்புத்தகங்கள் சொல்வது இதைத்தான்.

பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் இத்தோடு நிறுத்திக்கொள்கின்றன. நான் நிறுத்துவதில்லை. 1914இல் கொலராடோவின் லட்லோவில், வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர்களின் கூடார முகாம் தாக்கப்பட்டு, பெண்களும் குழந்தைகளும் உட்பட சுமார் இருபது பேர் இறந்தார்கள். சுரங்கத்தில் பெரும்பங்கு வைத்திருந்த ராக்ஃபெல்லர் தரப்புக்காகப் பிரசுரங்கள் தயாரித்தவர் இதே லீ. தொழிற்சங்கத் தலைவர்கள் வாங்கிய சம்பளத்தைப் பல மடங்கு கூட்டிக் காட்டிய தகவல் அவற்றில் இருந்தது. நிறுவனத்தார் கொடுத்ததை நான் சரிபார்க்கவில்லை என்று விசாரணைக் குழுவின் முன் அவரே ஒப்புக்கொண்டார்.

ஒரே மனிதர்தான், எட்டே ஆண்டு இடைவெளி. ஒரு தரப்புக்காகப் பேசுவதில் தவறே இல்லை, வக்கீலும் அதைத்தான் செய்கிறார். தன் கட்சிக்காரர் கொடுத்த காகிதத்தை வாசித்துக்கூடப் பார்க்காமல் ஊருக்கெல்லாம் அனுப்பினால் அதற்குப் பெயர் வேறு.

செய்திக்குறிப்பு வந்தால் அப்படியே போடலாமா?

கூடாது. ஆனால் போடுகிறோம், நானும் போட்டிருக்கிறேன்.

டெஸ்க்கில் மாலை ஆறே முக்கால் எப்படியிருக்கும் என்று சொல்கிறேன். பக்கம் எட்டரைக்குப் போக வேண்டும். எதிர்பார்த்த செய்தி ஒன்று வரவில்லை, மூன்று பத்தி இடம் காலியாக இருக்கிறது. அந்த நேரம் பார்த்து மெயிலில் ஒரு குறிப்பு வருகிறது. தலைப்பு தயார், படம் தயார், படத்துக்குக் கீழே போட வேண்டிய வரிகூடத் தயார். எழுத்துப் பிழை கிடையாது. எழுதியவருக்கு டெஸ்க் எப்படி நடக்கிறது என்று நன்றாகத் தெரிந்திருக்கிறது. "நாட்டிலேயே முதல்முறையாக" என்று தொடங்கிய அப்படிப்பட்ட ஒரு குறிப்பை ஒரு நாள் வரி மாற்றாமல் வைத்தேன். மறுநாள் காலை ஒரு வாசகர் அழைத்தார். அதே கருவி வேறோர் இடத்தில் இரண்டு ஆண்டுகளாக இயங்குகிறதே, நான்தான் அதை இயக்குகிறேன் என்றார். குரலில் கோபமில்லை, வருத்தம்தான் இருந்தது. இன்றைக்கும் அந்தக் குரல் நினைவிருக்கிறது.

அன்றிலிருந்து எந்தக் குறிப்பு வந்தாலும் "முதல்", "மிகப் பெரிய", "ஒரே" ஆகிய மூன்று சொற்களைத்தான் முதலில் தேடுவேன். அவற்றுக்கு ஆதாரம் கேட்டு ஒரு போன் போட இரண்டு நிமிடம் போதும். பதில் வராவிட்டால் அந்தச் சொல்லை எடுத்துவிடலாம், அல்லது "என்று அந்நிறுவனம் தெரிவித்துள்ளது" என்று சேர்க்கலாம். அந்த ஒரு சிறு வால் இருந்தாலே பேசுவது யார் என்று வாசகருக்குப் புரிந்துவிடும்.

இது ஏதோ ஓர் அலுவலகத்தின் சோம்பேறித்தனம் என்று நினைக்காதீர்கள். பிரிட்டனின் தரமான நாளிதழ்களில் வந்த செய்திகளை கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அலசிப் பார்த்தார்கள். ஏறத்தாழ 60 சதவீதம், முழுவதுமாகவோ பெரும்பகுதியோ, செய்தி முகமைகளிடமிருந்தோ பி.ஆர். குறிப்புகளிலிருந்தோ வந்தவை என்று 2008இல் வெளியிட்டார்கள். நிருபர்கள் குறைந்து நிரப்ப வேண்டிய இடம் கூடினால் இப்படித்தான் ஆகும். அதற்குப் பிறகு செய்தி அறைகள் இன்னும் சுருங்கியிருக்கின்றன.

குறிப்பில் வரும் மேற்கோளை நிர்வாகி உண்மையிலேயே சொன்னாரா?

பெரும்பாலும் இல்லை. பி.ஆர். ஆள் எழுதுகிறார், நிர்வாகி படித்து ஒப்புக்கொள்கிறார். இது ஊரறிந்த நடைமுறை. ஒப்புதல் உண்மையாக வாங்கப்பட்டிருந்தால் அதில் பெரிய தவறும் இல்லை, தலைவர்களின் மேடைப் பேச்சையும் வேறொருவர்தானே எழுதுகிறார். நிர்வாகி பார்க்காமலே அவர் பெயரில் போவதுதான் தவறு. நேரமில்லை, சார் ஒன்றும் சொல்ல மாட்டார் என்று சொல்லி அனுப்பிய பல குறிப்புகளை நான் பார்த்திருக்கிறேன்.

நிருபர்களுக்கு: குறிப்பிலிருந்து எடுத்த மேற்கோளை "நம்மிடம் கூறினார்" என்று எழுதாதீர்கள். அவர் உங்களிடம் எதுவும் கூறவில்லை. "அறிக்கையில் கூறியுள்ளார்" என்று எழுத ஒரு சொல்கூடக் கூடுதலாகாது.

பிரஸ் மீட்டில் பணம் வைத்துத் தரும் கவரை வாங்கலாமா?

வாங்கக் கூடாது. போக்குவரத்துச் செலவுக்குத்தானே, எல்லோரும் வாங்குகிறார்களே, திருப்பிக் கொடுத்தால் அவமதிப்பாகாதா என்று மூன்று சமாதானங்களும் எனக்குத் தெரியும். உலகம் முழுக்க இந்த வழக்கம் இருக்கிறது. நைஜீரியாவில் இதைப் பழுப்பு உறை இதழியல் என்கிறார்கள். இந்தோனேசியாவில் உறை வாங்குகிற நிருபருக்குத் தனிப் பெயரே உண்டு. கவர் வாங்கும் நிருபரை மட்டும் திட்டுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. எழுதுகிற வரிக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்து, பேருந்துக் கட்டணத்தையும் நிருபர் தலையிலேயே கட்டும் நிர்வாகங்கள்தான் அந்தக் கவருக்கு இடம் கொடுக்கின்றன. கொடுக்கிற பி.ஆர். நிறுவனமும் அதில் சமபங்குக் குற்றவாளி.

பயண அழைப்புகள் இன்னும் சிக்கலானவை. விமானச் சீட்டு, விடுதி எல்லாம் அழைப்பவர் செலவு. சில செய்திகளை வேறு வழியில் எடுக்கவே முடியாது. அப்படிப் போய் வந்தால், கட்டுரையின் கீழே "இந்த நிறுவனத்தின் அழைப்பில், அவர்கள் செலவில் நிருபர் சென்றிருந்தார்" என்று ஒரு வரி போடுங்கள். அந்த வரியைப் போடக் கூச்சமாக இருந்தால், போயிருக்கக் கூடாத பயணம் அது.

பணம் வாங்கிப் போடும் செய்திக்கும் விளம்பரத்துக்கும் என்ன வேறுபாடு?

விளம்பரம் தன்னை விளம்பரம் என்று சொல்லிக்கொள்கிறது. பெய்ட் நியூஸ் சொல்லிக்கொள்வதில்லை. இந்தியாவில் 2009 தேர்தலின்போது பல பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் வேட்பாளர்களிடம் பணம் வாங்கிக்கொண்டு அவர்களைப் புகழ்ந்து செய்தி போட்டதாகப் புகார்கள் எழுந்தன. இந்தியப் பிரஸ் கவுன்சில் அமைத்த துணைக்குழு பெயர்களோடு நீண்ட அறிக்கை தயாரித்தது. 2010இல் கவுன்சில் அதை முழுமையாக வெளியிடாமல், பெயர்கள் இல்லாத சுருக்கமான அறிக்கையை இறுதி செய்தது. முழு அறிக்கை பின்னர் தகவல் ஆணையத்தின் உத்தரவுக்குப் பிறகுதான் அதிகாரபூர்வமாக வெளியே வந்தது. மற்றவர்களிடம் வெளிப்படைத்தன்மை கேட்கும் ஒரு துறை தன் வீட்டு விஷயத்தில் கதவைச் சாத்திக்கொண்டது என்பதை இப்போது எழுதும்போதும் மனம் கனக்கிறது.

இன்னொரு வகை, செய்தி மாதிரியே வடிவமைத்த விளம்பரம். 2013 ஜனவரியில் அட்லாண்டிக் என்ற அமெரிக்க இதழின் இணையதளத்தில் சயின்டாலஜி என்ற மத அமைப்பைப் புகழும் பக்கம் ஒன்று வந்தது. விளம்பரக் குறியீடு அதில் இருந்தது. இருந்தும், பார்ப்பதற்குக் கட்டுரை போலவே இருந்ததால் வாசகர்கள் கொதித்துப் போனார்கள். சில மணி நேரத்திலேயே அதை எடுத்துவிட்டு இதழ் மன்னிப்புக் கேட்டது. மூலையில் சின்ன எழுத்தில் "விளம்பரதாரர் உள்ளடக்கம்" என்று போட்டால் கடமை முடிந்தது என்று நினைப்பவர்கள் இதைப் பார்க்க வேண்டும். வேகமாக விரலால் தள்ளிக்கொண்டே போகும் வாசகரின் கண்ணில் படாத குறியீடு, இல்லாத குறியீட்டுக்குச் சமம்.

வேறு அமைப்பின் பெயரில் பிரசாரம் செய்வது அவ்வளவு பெரிய தவறா?

இந்தத் தொழிலிலேயே மிகப் பெரிய தவறு அதுதான் என்பேன்.

1990 அக்டோபரில் வாஷிங்டனில், அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களின் மனித உரிமைக் குழு ஒன்றின் முன் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி சாட்சி சொன்னாள். குவைத்தை ஆக்கிரமித்த இராக்கியப் படையினர் இன்குபேட்டர்களிலிருந்து குழந்தைகளை எடுத்துத் தரையில் போட்டுச் சாகவிட்டதைக் கண்ணால் பார்த்ததாகச் சொல்லி அழுதாள். போருக்கு ஆதரவு திரட்டிய தலைவர்கள் அந்தக் கதையைப் பலமுறை எடுத்துச் சொன்னார்கள். அவள் அமெரிக்காவுக்கான குவைத் தூதரின் மகள் என்பது 1992 ஜனவரியில்தான் வெளியே தெரிந்தது. சாட்சியத்துக்கு ஏற்பாடு செய்தது ஹில் அண்ட் நோல்டன் என்ற பி.ஆர். நிறுவனம். வாடிக்கையாளர் "சுதந்திர குவைத்துக்கான குடிமக்கள்" என்ற அமைப்பு, அதற்குப் பணம் அனேகமாக முழுவதும் குவைத் அரசிடமிருந்து வந்தது. பின்னர் விசாரித்த மனித உரிமை அமைப்புகளுக்கு அந்தக் கதைக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. "இவள் தூதரின் மகள்" என்ற மூன்று சொல் அன்று அந்த அறையில் சொல்லப்பட்டிருந்தால், கேட்டவர்கள் வேறு காதால் கேட்டிருப்பார்கள்.

அதற்கும் முன்னால், 1954 ஜனவரி 4ஆம் தேதி, அமெரிக்கச் சிகரெட் நிறுவனங்கள் 400க்கும் மேற்பட்ட நாளிதழ்களில் ஒரு முழுப்பக்க அறிக்கை வெளியிட்டன. உங்கள் உடல்நலமே எங்களுக்கு முதன்மை, ஆராய்ச்சிக் குழு அமைக்கிறோம் என்று அதில் சொன்னார்கள். அதன் பின்னால் இருந்ததும் இதே பி.ஆர். நிறுவனம்தான். புகைத்தால் உண்மையிலேயே கெடுதலா என்ற சந்தேகத்தைப் பல பத்தாண்டுகள் உயிரோடு வைத்திருக்கவே அந்த ஆராய்ச்சிக் குழு பயன்பட்டது. அந்தச் சந்தேகத்தை நம்பிப் புகைத்தவர்களை நினைத்தால், இது வெறும் தொழில்நெறிப் பிரச்சினை என்று என்னால் பேச முடியவில்லை.

நெறிமுறைகள் நிறைய இருக்கின்றனவே, யாராவது தண்டிக்கப்பட்டிருக்கிறார்களா?

மிகக் குறைவு. பன்னாட்டு மக்கள் தொடர்புச் சங்கம் 1965இல் ஏதென்ஸில் ஒரு நெறித் தொகுப்பை ஏற்றது. அமெரிக்க மக்கள் தொடர்புச் சங்கம் 2000இல் தன் தொகுப்பைத் திருத்தி எழுதியபோது, தண்டிப்பதைவிடக் கற்பிப்பதற்கு முக்கியத்துவம் கொடுத்தது. எல்லாமே உறுப்பினருக்கு மட்டும்தான். சங்கத்தில் சேராதவரை யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

விதிவிலக்கு ஒன்று உண்டு. லண்டனின் பெல் பாட்டிஞ்சர் நிறுவனம் தென்னாப்பிரிக்காவில் குப்தா என்ற தொழிலதிபர் குடும்பத்தின் ஓக்பே நிறுவனத்துக்காக நடத்திய பிரசாரம், அங்கே இனப் பகைமையைத் தூண்டியது என்று 2017 செப்டம்பரில் பிரிட்டிஷ் பி.ஆர். சங்கம் அதை வெளியேற்றியது. குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்குத் திரும்பச் சேர முடியாது என்றது. வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக விலக, சில நாள்களிலேயே நிறுவனம் திவால் நிர்வாகத்துக்குப் போனது. அந்தப் பிரசாரத்தைத் தோண்டி எடுத்தவர்கள் பத்திரிகையாளர்கள் என்பதை என் மாணவர்களுக்கு மறக்காமல் சொல்வேன். சங்கத்தின் தண்டனை அதற்கு அப்புறம் வந்தது.

நெருக்கடி நேரத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டுமா?

தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். 1982இல் சிகாகோ பகுதியில் சயனைடு கலந்த டைலனால் என்ற வலி மாத்திரைகளைச் சாப்பிட்டு ஏழு பேர் இறந்தார்கள். அதைத் தயாரித்த ஜான்சன் அண்ட் ஜான்சன் சுமார் 3.1 கோடி புட்டிகளைத் திரும்பப் பெற்றது எல்லோருக்கும் தெரிந்த கதை. எனக்குப் பிடித்தது அதற்குள் இருக்கும் சின்ன விஷயம். எங்கள் ஆலையில் சயனைடே கிடையாது என்று முதலில் நிருபர்களிடம் சொன்னார்கள். பிறகு, தரப் பரிசோதனைக்காகச் சிறிதளவு வைத்திருப்பது தெரியவந்தது. மாத்திரையில் கலந்த சயனைடுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அப்படியிருந்தும் முன்பு சொன்னது தவறு என்று ஒப்புக்கொண்டார்கள். மக்களின் நம்பிக்கை, புட்டிகளைத் திரும்பப் பெற்றதால் மட்டும் வந்ததாக நான் நினைக்கவில்லை.

ஆஃப் த ரெக்கார்டு, எம்பார்கோ எல்லாம் யாரைக் கட்டுப்படுத்தும்?

ஆஃப் த ரெக்கார்டு என்றால் சொன்னதை வெளியிடக் கூடாது, எம்பார்கோ என்றால் குறித்த நேரத்துக்கு முன் வெளியிடக் கூடாது. பேசுவதற்கு முன்னாலேயே இரண்டு பேரும் ஒப்புக்கொண்டால் இரண்டு பேரையும் கட்டுப்படுத்தும். பேசி முடித்துவிட்டு "இது ஆஃப் த ரெக்கார்டு" என்றால் செல்லாது. கேட்காமலே எம்பார்கோ போட்டு அனுப்பிய குறிப்புக்கும் அதேதான், ஆனாலும் மரியாதைக்காகப் பெரும்பாலோர் காக்கிறார்கள். ஊடகப் பழக்கமே இல்லாத சாதாரண மனிதர் பேசிவிட்டுப் பயந்து கேட்டால் மட்டும் நான் விட்டுக்கொடுப்பேன். மந்திரிக்கும் நிறுவனத் தலைவருக்கும் அந்தச் சலுகை இல்லை.

இணையத்தில் தவறைச் சத்தமில்லாமல் திருத்திவிடலாமே?

எழுத்துப் பிழையென்றால் திருத்திவிட்டுப் போங்கள். ஒரு பெயர், ஒரு எண், ஒரு குற்றச்சாட்டு மாறுகிறது என்றால் எது மாறியது, எப்போது மாறியது என்று கீழே எழுதியாக வேண்டும். காலையில் படித்தவர் மாலையில் படித்தவரிடம் அதைப் பற்றிப் பேசத்தான் போகிறார்.

நியூயார்க் டைம்ஸ் 2003 மே மாதம் தன் நிருபர் ஜேசன் பிளேர் செய்த மோசடிகளை முதல் பக்கத்தில் விரிவாக எழுதியது. கடைசி சில மாதங்களில் அவர் எழுதிய 73 செய்திகளில் குறைந்தது 36இல் கோளாறு இருந்தது. போகாத ஊருக்குப் போனதாக எழுதியிருந்தார். ஒரு வீட்டுத் திண்ணையிலிருந்து பார்த்தால் புகையிலைத் தோட்டம் தெரிகிறது என்று எழுதினார், அந்த வீட்டைச் சுற்றி அப்படி ஒன்றுமே இல்லை. அந்த வீட்டார் படித்துவிட்டுச் சிரித்தார்களாம், பத்திரிகைக்கு யாரும் புகார் செய்யவில்லை. பொய் எழுதிய நிருபரைவிட அந்தச் சிரிப்புதான் என்னை அதிகம் உறுத்துகிறது. பத்திரிகை என்றால் இப்படித்தான் எழுதும் என்று அவர்கள் ஏற்கெனவே முடிவு செய்திருந்தார்கள்.

வாடிக்கையாளருக்காக பி.ஆர். தரப்பில் நாங்கள் பத்திரிகையில் வரவைத்த செய்தியின் மதிப்பை விளம்பரக் கட்டணத்தில் கணக்கிடச் சொல்கிறார்கள். சரியா?

செய்தி பிடித்த இடத்துக்கு விளம்பரம் போட்டிருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்ற அந்தக் கணக்கை, 2010இல் பார்சிலோனாவில் கூடிய அளவீட்டு வல்லுநர்கள் செல்லாது என்று அறிவித்துவிட்டார்கள். இன்னும் பல அலுவலகங்களில் மாத அறிக்கையின் முதல் பக்கத்தில் அதுதான் இருக்கிறது. கணக்குத் தவறு என்பதைவிட எனக்குப் பெரிய குறை வேறு. செய்தியை விளம்பரமாகவே பார்க்க அது வாடிக்கையாளரைப் பழக்குகிறது. அப்புறம் அவர் "காசு கொடுத்து வரவைக்க முடியாதா" என்று கேட்டால் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

செயற்கை நுண்ணறிவை வைத்து எழுதலாமா?

தட்டச்சு செய்த பேட்டியைச் சுருக்கவும், தலைப்புக்கு நாலு யோசனை கேட்கவும் நானே பயன்படுத்துகிறேன். அதற்கு மேல் போகும்போதுதான் பயம். சிநெட் என்ற தொழில்நுட்பச் செய்தித் தளம் செயற்கை நுண்ணறிவை வைத்து எழுதிய 77 கட்டுரைகளை வெளியிட்டு, 2023 ஜனவரியில் அவற்றில் 41க்குத் திருத்தம் போட வேண்டி வந்தது. வட்டிக் கணக்கே தப்பாக இருந்தது. அதே ஆண்டு நவம்பரில் ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் என்ற விளையாட்டு இதழின் தளத்தில், கணினி உருவாக்கிய முகப்படத்தோடு, உலகத்தில் இல்லாத எழுத்தாளர்களின் பெயரில் கட்டுரைகள் வந்திருந்தது அம்பலமானது. அவற்றை வெளியிலிருந்து ஒரு நிறுவனம் கொடுத்தது என்று விளக்கம் சொன்னார்கள். எல்லைகளற்ற செய்தியாளர்கள் அமைப்பு அந்த மாதமே பாரிஸில் ஒரு சாசனம் வெளியிட்டது. வெளியிடும் ஒவ்வொன்றுக்கும் ஊடக நிறுவனமே பொறுப்பு என்கிறது அது.

பி.ஆர். பக்கமும் இதே கதைதான். மருத்துவர், பொருளாதார வல்லுநர் என்ற பெயர்களில் நிருபர்களுக்குக் கருத்து அனுப்பும் போலி முகங்கள் பெருகுகின்றன. அந்த "வல்லுநரை" ஐந்து நிமிடம் போனில் பேசச் சொல்லுங்கள். உயிரோடு இருப்பவர் பேசுவார்.

பொய் சொல்லச் சொன்னால் என்ன செய்வது?

இந்தக் கேள்வியை வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு, வாசலில் நின்று தனியாகத்தான் கேட்கிறார்கள்.

எனக்கும் நடந்தது. ஆள்குறைப்பு நடக்கப் போவது எனக்குத் தெரியும். வாடிக்கையாளர் நிறுவனத்தின் அதிகாரி, "அப்படி எந்தத் திட்டமும் இல்லை என்று மட்டும் சொல்லிவிடுங்கள்" என்றார். அழைத்த நிருபர் என்னோடு டெஸ்க்கில் வேலை பார்த்த பெண். "எந்தத் திட்டமும் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது, இப்போதைக்குக் கருத்து இல்லை என்று சொல்ல அனுமதியுங்கள், மறுப்புதான் வேண்டுமென்றால் மெயிலில் எழுதி உங்கள் பெயரிலேயே கொடுங்கள்" என்று அந்த அதிகாரியிடம் சொன்னேன். மெயில் வரவில்லை. நிருபரிடம் கருத்து இல்லை என்று சொன்னேன். அவர் ஒரு நொடி பேசாமல் இருந்துவிட்டு, "சரி அண்ணா" என்று வைத்துவிட்டார்.

மூன்று மாதத்தில் அந்த வாடிக்கையாளர் எங்களை விட்டுப் போனார். என் மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு அரை மணி நேரம் பேசினார், வேலையை விட்டு அனுப்பவில்லை. எல்லோருக்கும் அப்படி அமையும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. வீட்டுக் கடன் இருப்பவரிடம் வேலையை உதறு என்று சொல்லும் உரிமையும் எனக்கில்லை. எழுதிக் கொடுங்கள் என்று கேளுங்கள், அதை மட்டும் எப்போதும் கேட்கலாம். அந்த நிருபர் இன்று செய்தி ஆசிரியர். ஏதாவது ஒரு குறிப்பில் சந்தேகம் வந்தால் இப்போதும் எனக்குப் போன் போடுகிறார்.